இவர் பின்னாடி யார் இருக்கா?

எங்கள் தெருவில் ஒருவருக்கு 'மில்லிங் சார்' என்று பெயர். ஓய்வுபெற்றவர். கையில் எப்போதும் ஒரு ரெக்ஸின் பை, அதற்குள் ஓர் இரும்பு ஸ்கேல், தடிமனான ஒரு ஃபைல். பல வருடங்களாக அவர் பேசுவது ஒரே விஷயம். பழைய தார்ச்சாலையைச் சுரண்டி எடுக்காமல், அதாவது 'மில்லிங்' செய்யாமல், அதன் மேலேயே புதுத் தார் போடுகிறார்கள், சாலை உயர்ந்துகொண்டே போகிறது, வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்டன. அவர் வீட்டுக்குள் நுழைய ஒரு காலத்தில் மூன்று படி ஏற வேண்டும். இப்போது ஒரு படி இறங்க வேண்டும். சென்னையில் பழைய தனி வீடு வைத்திருப்பவர்களுக்கு இதைப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை.

டீக்கடைப் பக்கம் அவர் தலை தெரிந்தால் போதும், பேச்சு ஆரம்பித்துவிடும்.

"சொல்றது சரிதான். ஆனா இவரு பின்னாடி யார் இருக்கா?" என்பார் ஒருவர். "காண்ட்ராக்டர்கிட்ட எதையோ எதிர்பாக்குறாரு" என்பார் இன்னொருவர். "பென்ஷன் வருது, பொழுது போகல, அவ்ளோதான்" என்று டீக்கடை அண்ணன் பாலை ஆற்றிக்கொண்டே முடித்துவைப்பார். மூன்று பேரும் சாலையின் உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டார்கள்.

பேனர், தெருநாய், கூம்பு ஒலிபெருக்கி, ஏரி, நடைபாதை, மதுக்கடை என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் மனு போடுகிறவர்கள் இந்த ஊரின் 200 வார்டுகளிலும் வார்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். அவர்களைப் பார்த்தால் நமக்கு முதலில் மரியாதை வருவதில்லை. லேசான எரிச்சலும், அதற்கு அடியில் ஒரு சந்தேகமும்தான் வருகின்றன. இந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது, எவ்வளவு தூரம் நியாயம் என்று பார்க்கலாம்.

அதற்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது. 'மொட்டைப் பெட்டிஷன்' என்று நாம் சொல்கிற பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் இருக்காது, கையெழுத்து இருக்காது, ஆனால் யாரைக் கவிழ்க்க வேண்டும் என்பதில் மட்டும் படு தெளிவாக இருக்கும். வீட்டில் ஒரு அரசு ஊழியர் இருந்தவர்களுக்குத் தெரியும், பதவி உயர்வுப் பட்டியல் வரப்போகிறது என்றால் இந்தக் கடிதங்களும் கூடவே வந்து சேரும். அதனால் ஒரு புகாரைக் கையில் எடுத்ததும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, இதனால் யாருக்கு அடி விழும், யாருக்கு லாபம் என்று பார்க்கத்தான் நம் கண் பழகியிருக்கிறது.

நீதிமன்ற வரலாறும் இந்தப் பழக்கத்துக்குத் துணைபோகிறது. 1970களின் கடைசிவரை, பாதிக்கப்பட்டவர்தான் வழக்குப் போட முடியும் என்பதே பொதுவான நிலை. பீகார் சிறைகளில் விசாரணையே முடியாமல் வருடக்கணக்கில் கிடந்த கைதிகளுக்காக 1979இல் வந்த ஹுஸைனாரா காத்தூன் வழக்கும், 1981 டிசம்பரில் எஸ்.பி.குப்தா வழக்கில் வந்த தீர்ப்பும் கதவைத் திறந்துவிட்டன. வி.ஆர்.கிருஷ்ணய்யர், பி.என்.பகவதி போன்ற நீதிபதிகள், வழியில்லாதவருக்காக வேறு யாரும் வரலாம், ஒரு கடிதம் எழுதிப் போட்டால்கூட அதை மனுவாக எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். 23 வருடம் போனது. 2004 டிசம்பரில் அதே உச்ச நீதிமன்றம் கடுப்பாகி எழுதியது: பொதுநல வழக்கு என்பது விளம்பர நல வழக்காகவோ சொந்த நல வழக்காகவோ அரசியல் நல வழக்காகவோ ஆகிவிடக் கூடாது, இப்போது புதிதாகக் கிளம்பியிருக்கும் 'பைசா வருமான' வழக்காகவும் ஆகிவிடக் கூடாது. நாக்பூர் வழக்கறிஞர் ஒருவர் சட்டவிரோதக் கட்டடங்களை எதிர்த்துப் பொதுநல வழக்குப் போட்டுவிட்டு, எதிர்த்தரப்பிடம் பணம் கேட்டு மாட்டிக்கொண்ட விவகாரம் அது. 25,000 ரூபாய் அபராதம் போட்டார்கள்.

இந்த வசூல் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சென்னையில் வரைபடத்தில் காட்டியபடியே கட்டி முடிக்கப்பட்ட கட்டடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பக்கவாட்டில் விட வேண்டிய 'செட்பேக்' அடி கணக்கில் குறையும், கார் நிறுத்தக் காட்டிய இடம் கடையாகும், மேலே ஒரு தளம் கூடும். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய்தான். ஒப்புதல் வரைபடத்தின் நகல் கைக்கு வந்துவிட்டால் மீதியை வாசலில் நின்றே எண்ணிவிடலாம். அப்புறம் ஒரு போன்: "சார், நேர்ல பேசி முடிச்சுக்கலாமா?" வேலை நின்றால் வட்டி ஏறும் என்பது கட்டுகிறவருக்குத் தெரியும், கொடுத்து அனுப்புவதுதான் மலிவு.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்தப் புகார் உண்மை என்பதை. பொய்ப் புகாருக்கு எவரும் கவர் கொடுக்க மாட்டார். வசூலுக்கு வந்தவரின் எண்ணம் எவ்வளவு அழுக்காக இருந்தாலும், அந்தக் கூடுதல் தளம் அங்கே நிற்கத்தான் செய்கிறது. 'பின்னாடி யார்' என்று கண்டுபிடித்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று நினைக்கிறோமே, அப்போது பிழைத்துப்போகிறவர் கட்டடக்காரர். விதிமீறல் செய்தவர்கள் தங்கள் மேல் புகார் வந்ததும் முதலில் கையில் எடுக்கும் வார்த்தை 'பிளாக்மெயில்' என்பது தற்செயல் இல்லை.

சட்டம் இந்த விஷயத்தில் டீக்கடையைவிட நிதானமாகவே இருந்திருக்கிறது. வீண் வழக்குப் போடுவதையே தொழிலாக வைத்திருப்பவர்களை அடக்க, 1949இலேயே மதராஸ் மாகாணம் ஒரு தனிச் சட்டம் போட்டது. அட்வகேட் ஜெனரல் விண்ணப்பித்து, உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால், அந்த நபர் அதற்குமேல் முன் அனுமதி இல்லாமல் வழக்குப் போட முடியாது. அதற்கு இரண்டு விஷயங்கள் நிரூபணமாக வேண்டும். பழக்கமாகச் செய்திருக்க வேண்டும், நியாயமான காரணமும் இருந்திருக்கக் கூடாது. இருநூறு மனு போட்டார் என்பது மட்டும் போதாது. நாமோ இருநூறு என்ற எண்ணைக் கேட்டதுமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

தகவல் உரிமையிலும் இதே இழுபறிதான். தமிழ்நாடு 1997இலேயே இதற்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தது. 2005இல் மத்தியச் சட்டம் வந்தபோது, தகவல் கேட்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை என்று அதிலேயே எழுதிவைத்தார்கள். 2011இல் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்களில் 75 சதவீதம் பேர் தங்கள் நேரத்தில் 75 சதவீதத்தை தகவல் திரட்டிக் கொடுப்பதிலேயே செலவழிக்கும் நிலையை நாடு விரும்பவில்லை என்று எச்சரித்தது. 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு படி மேலே போய், தகவல் கேட்பவர் காரணத்தைச் சொல்லியாக வேண்டும் என்றது. சட்டத்தில் நேர் எதிராக எழுதியிருக்கிறதே என்று பலரும் சுட்டிக்காட்ட, சில நாட்களிலேயே அந்த வரிகளைத் தானாகவே நீக்கிக்கொண்டது. நீதிபதிகளுக்கும் அந்த டீக்கடைக் கேள்வி ஒரு நொடி எட்டிப்பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. அந்த வரிகளை அவர்கள் அழித்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

சரி, ஒரு மனிதர் ஏன் ஒரே விஷயத்தில் சிக்கிக்கொள்கிறார்? குணக்கோளாறு என்று நினைப்பது எளிது. எனக்கு அது பெரும்பாலும் நம் நிர்வாகம் செய்து தருகிற வார்ப்பு என்றுதான் தோன்றுகிறது. ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் தார் ஒரு துறை, பாதாளச் சாக்கடை மூடி வேறு துறை, மின்கேபிளுக்குத் தோண்டிய பள்ளம் மூன்றாவது துறை, இன்டர்நெட் கேபிளுக்குத் தோண்டியவர் தனியார். தெரு பெரியதாக இருந்தால் தாரே நெடுஞ்சாலைத் துறையின் கைக்குப் போகலாம். இந்த வலையில் ஒரு புகாரை உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்றால், எஸ்டிமேட் என்றால் என்ன, பில் பாஸாகும்முன் பொறியாளர் எழுதும் அளவுப் புத்தகம், அதாவது 'எம்-புக்', அதை யாரிடம் எந்தப் பிரிவில் கேட்பது என்று கற்றுக்கொள்ள வேண்டும். மில்லிங் சாருக்கு அதற்கே நாலு வருடம் ஆனதாம். நாலு வருடம் செலவழித்துக் கற்ற வித்தையை விட்டுவிட்டு அடுத்த மாதம் கொசுவைப் பற்றிப் பேச யாருக்கு மனசு வரும்?

பத்திரிகைகளுக்கும் இப்படிப்பட்டவர் தேவைப்படுகிறார். மாலை ஆறு மணிக்குச் செய்தி கொடுக்க வேண்டிய நிருபருக்கு, தேதி வாரியாக ஃபைல் வைத்திருக்கும் ஒருவர் கிடைத்தால் போதும். 'சமூக ஆர்வலர் ஒருவர் கூறியதாவது' என்று பத்தி தயார். இந்தச் 'சமூக ஆர்வலர்' என்கிற பட்டம்தான் குழப்பத்தின் பாதி. குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர் என்றால் எந்தத் தெருவின் நலன் என்று தெரியும். மீனவர் பஞ்சாயத்துத் தலைவர் என்றால் யாருக்காகப் பேசுகிறார் என்று புரியும். 'ஆர்வலர்' என்றால் அவருக்கு அந்த விஷயத்தில் சொந்த வீடு இருக்கிறதா, கடை இருக்கிறதா, கட்சி இருக்கிறதா என்று ஒன்றும் தெரிவதில்லை. வாசகர் அந்த வெற்றிடத்தைத் தன் சந்தேகத்தால் நிரப்பிக்கொள்கிறார், வேறு என்ன செய்வார்?

ஒற்றைக் கோரிக்கையாக ஆக்குவது சில சமயம் நாமேதான். சங்கரலிங்கனார் 1956 ஜூலையில் விருதுநகரில் உண்ணாவிரதம் உட்கார்ந்தபோது அவர் கையில் இருந்தவை 12 கோரிக்கைகள். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. நாடு முழுக்க மதுவிலக்கு, அரசு ஊழியர்களுக்குக் கதர் என்று மற்றவையும் இருந்தன. அக்டோபர் 13ஆம் தேதி இறந்துபோனார். 1967இல் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறி, 1969 பொங்கலன்று பெயர் நடைமுறைக்கு வந்தது. இன்று அவரைப் பெயருக்காக உயிர் கொடுத்தவர் என்று மட்டும்தான் தெரியும். மீதிப் பதினொன்றையும் எத்தனை பேரால் சொல்ல முடியும்?

அதற்கு நாலு வருடம் முன்பு, இதே சென்னையில், மயிலாப்பூரில் ஒரு வீட்டில் பொட்டி ஸ்ரீராமுலு தனி ஆந்திர மாநிலம் கேட்டு 58 நாள் பட்டினி கிடந்து, 1952 டிசம்பர் 15 இரவு இறந்தார். இருந்தவரை அவரைப் பிடிவாதக்காரர் என்றுதான் டெல்லி பார்த்தது. இறந்த நாலாம் நாள் பிரதமர் நேரு ஆந்திர மாநிலத்தை அறிவித்தார். 1953 அக்டோபரில் மாநிலம் வந்தது, சென்னை அதில் சேரவில்லை. ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் அவர் நினைவில்லத்தைத் தினமும் கடந்து போகிறவர்களில் பலருக்கு அது என்ன கட்டடம் என்றே தெரியாது.

இப்போது டிராஃபிக் ராமசாமிக்கு வருவோம். இந்தப் பேச்சில் அவர் இல்லாமல் சென்னை இல்லை. பின்னி மில்லில் வேலை பார்த்தவர், ஊர்க்காவல் படையில் இருந்தவர், பாரிமுனைப் பக்கம் தானாகவே நின்று போக்குவரத்தை ஒழுங்குபடுத்தப் போய்ப் பெயருக்கு முன்னால் 'டிராஃபிக்' ஒட்டிக்கொண்டது. சட்டைப் பையில் பேனாக்கள், கையில் காகிதக் கட்டு, உயர் நீதிமன்ற வளாகத்தில் எந்நேரமும் பார்க்கலாம். தி.நகரின் விதிமீறல் கட்டடங்கள், சாலையை மறைக்கும் பேனர்கள், மோட்டார் பொருத்திய மீன்பாடி வண்டிகள் என்று வரிசையாக வழக்குப் போட்டார். சில பேனர்களைத் தானே ஏறிக் கிழித்தார். அடி வாங்கினார், போலீஸ் பாதுகாப்போடு நடமாடினார். 2015இல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் ஜெயலலிதாவை எதிர்த்து நின்று டெபாசிட் இழந்தார். 2021 மே 4ஆம் தேதி, 87 வயதில் காலமானார்.

அவர் உயிரோடு இருந்தபோது அவரைப் பற்றிப் பேசியவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். விளம்பரப் பிரியர், யாரோ பின்னால் இருந்து இயக்குகிறார்கள், ஆளுங்கட்சி மாறினால் வாய் மூடிவிடுவார். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் அவர் வழக்குப் போட்டார் என்பதால் கடைசிக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. விளம்பரப் பிரியரா என்றால், இருக்கலாம், அதை மறுக்க எனக்கு எந்த அவசியமும் இல்லை. பேனர் விஷயத்தில் அது பொருட்டே இல்லை. 2019 செப்டம்பர் 12ஆம் தேதி பள்ளிக்கரணையில், அனுமதி இல்லாமல் சாலை நடுவே கட்டியிருந்த ஒரு கல்யாண பேனர் ஸ்கூட்டரில் வந்த 23 வயதுப் பெண் மேல் விழுந்தது. அவர் கீழே விழ, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. சாலைகளுக்கு வர்ணம் பூச இந்த அரசுக்கு இன்னும் எத்தனை லிட்டர் ரத்தம் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் கேட்டது. அதற்கு முன் எத்தனையோ உத்தரவுகள் போட்டாகிவிட்டது என்றும் அலுத்துக்கொண்டது. அந்த உத்தரவுகளில் பலவற்றின் தலைப்பில் இருந்தது நாம் சிரித்த அந்தக் கிழவரின் பெயர்தான்.

ஆனால் அதே ராமசாமியின் மீன்பாடி வண்டி வழக்கை நான் இப்படிப் பேச மாட்டேன். பிரேக் சரியில்லாத, பதிவு எண் இல்லாத, பழைய ஸ்கூட்டர் இன்ஜினை மாட்டிய மூன்று சக்கர வண்டி ஆபத்தானதுதான். தடை சட்டப்படி சரி. ஆனால் மரத்தடியையும் இரும்புக் கம்பியையும் ஏற்றிக்கொண்டு அதை மிதித்தே கால் வீங்கியவன்தான் இன்ஜினை மாட்டினான். அவனுக்கு அந்த வழக்கில் பெயர் இல்லை, ஃபைல் இல்லை. பேனரை இறக்கினால் நஷ்டம் கட்சிக்காரருக்கும் ஃப்ளெக்ஸ் கடைக்கும். இன்ஜினைக் கழற்றினால் நஷ்டம் அன்றைக்கு அடுப்பு எரிய வேண்டிய வீட்டுக்கு. மனுப் போட்டவர் ஒரே ஆள், அவருடைய நேர்மை இரண்டு வழக்கிலும் ஒன்றுதான், ஆனால் தீர்வுக்கு விலை கொடுத்தவர்கள் வேறு வேறு.

என் சந்தேகத்தை நான் வைப்பது இந்த இடத்தில்தான். ஆளின் பின்னால் யார் என்பது சுவாரசியமான கேள்வி, டீ ஆறும்வரை பேசலாம். அவர் கேட்கிற தீர்வு கிடைத்தால் பில் யார் வீட்டுக்குப் போகும் என்று கேட்டால், டீக்கடையில் சட்டென்று பதில் வராது. ஒரே விஷயத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தக் கேள்விதான் தெரிவதில்லை.

மெரினாவில் ஒற்றைச் சிலம்போடு நிற்கிற கண்ணகியைப் பாருங்கள். 1968இல் வைத்தார்கள், 2001இல் எடுத்தார்கள், 2006இல் மறுபடி வைத்தார்கள். அவளுக்கு ஒரே புகார், ஒரே சாட்சியம். சிலம்பை உடைத்தாள், மாணிக்கப் பரல் தெறித்தது, முத்துப் பரல் என்று நம்பிய அரசன் அங்கேயே தோற்றுப்போனான். வழக்கு நூற்றுக்கு நூறு நிரூபணம். அப்புறம் எரிந்தது மதுரை. சிலம்பு யாருடையது என்றே தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்த வீடுகளைப் பற்றி நாம் பேசுவதில்லை. ஆற்றங்கரைகளிலும் மற்ற இடங்களிலும் இருந்த குடிசைகளை அகற்றி, 2000ஆம் ஆண்டு முதல் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடத்துக்குக் கண்ணகி நகர் என்று பெயர் வைத்தவர் இதையெல்லாம் யோசித்திருப்பாரா என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தோன்றும். கூவத்தையும் அடையாற்றையும் மீட்க வேண்டும் என்பது யாரும் மறுக்க முடியாத கோரிக்கை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அதன் பேரில் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்குப் போனவர்களோ வேலையையும் பள்ளிக்கூடத்தையும் நகரத்துக்குள் விட்டுவிட்டுத்தான் போனார்கள். ஆற்றை ஒட்டி எழுந்த பெரிய கட்டடங்கள் பெட்டி கட்டியதாக நான் பார்க்கவில்லை.

பட்டினப்பாக்கம் லூப் சாலையில் நடந்ததும் இந்த வகைதான். 2023 ஏப்ரலில், சாலையை மறிக்கும் மீன்கடைகளைப் பற்றி உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. காரில் போகிறவருக்கு அது போக்குவரத்து நெரிசல். நொச்சிக்குப்பத்துக்காரர்களுக்கு, அவர்கள் வலை காயவைத்த மணலில் போட்ட சாலைதான் புதுசு. கடைகளை அகற்றியபோது சாலையில் மீனைக் கொட்டிப் போராடினார்கள். அடுத்த வருடம் அங்கேயே ஒரு மீன் அங்காடி கட்டிக்கொடுத்தார்கள். எது முதலில் வந்தது, குப்பமா சாலையா என்ற கேள்வி, 'நெரிசல்' என்று தலைப்பிட்ட ஃபைலுக்குள் நுழைய ஒரு வருடமும் ஒரு போராட்டமும் தேவைப்பட்டன.

மதுக்கடை விவகாரம் இன்னும் விசித்திரம். சசிபெருமாள் முழு மதுவிலக்கு ஒன்றையே கேட்டுக் கேட்டு, 2015 ஜூலை 31ஆம் தேதி உண்ணாமலைக்கடையில் ஒரு மதுக்கடையை அகற்றச் சொல்லிச் செல்போன் கோபுரத்தில் ஏறி, அங்கேயே உயிரிழந்தார். வேறொரு பாதையில், சாலை விபத்து என்ற குறுகிய காரணத்தைச் சொல்லி, பாமக வழக்கறிஞர் கே.பாலு நடத்திய வழக்கில் 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. தமிழ்நாட்டில் 3,000க்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. மிகப் பெரிய வெற்றிதான். மூடிய கடைகளுக்கு மாற்று இடம் தேடி ஊருக்குள், குடியிருப்புத் தெருக்களுக்குள் வந்தார்கள். 2017 கோடையில் மாநிலம் முழுக்கப் பெண்கள் சாலையில் இறங்கியது அதனால்தான். வழக்கில் கேட்டது 500 மீட்டர், கிடைத்ததும் 500 மீட்டர். ஐநூற்று ஒன்றாவது மீட்டரில் யார் வீடு இருக்கிறது என்பது அந்த மனுவின் பாடத்திட்டத்தில் இல்லை.

நோக்கத்தை மட்டும் வைத்துப் புகாரைத் தள்ளிவிடலாமா என்ற கேள்விக்குச் சென்னையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கம் கே.கே.ஆர். நகரில் ஒரு ஜெபக்கூடம். டிரம்ஸ், கிடார், ஒலிபெருக்கி என்று சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்துக் காலனி நலச் சங்கம் 1996இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் தொடங்கி நீதிமன்றம்வரை போனது. ஜெபக்கூடத்தின் தரப்பு, சிறுபான்மையினரின் வழிபாட்டை முடக்கும் உள்நோக்கம் இது, சத்தம் நெடுஞ்சாலை வாகனங்களாலும் வருகிறது என்றது. உள்நோக்கம் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், பிறர் நிம்மதியைக் கெடுத்துத்தான் பிரார்த்திக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்றது. வாகனச் சத்தத்தையும் சேர்த்தே கட்டுப்படுத்தச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவை உறுதிசெய்தது. மனசை அளக்க எந்த மீட்டரும் இல்லை, டெசிபலை அளக்க இருக்கிறது. அதே தீர்ப்பைக் கோயில் கூம்பு ஒலிபெருக்கிக்கும் மசூதிக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் பொருத்துகிறார்களா என்பது வேறு கேள்வி. ஒரே மதத்துச் சத்தம் மட்டும் ஒருவர் காதில் விழுகிறது என்றால் அந்த ஆளைப் பற்றிச் சந்தேகப்பட எனக்கும் ஆட்சேபம் இல்லை.

உண்மையிலேயே தடம் புரண்டுபோகிறவர்களும் உண்டு. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மனநல மருத்துவர்கள் ஓயாத புகாருக்கு ஒரு நோய்ப் பெயரே வைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் கிரான்ட் லெஸ்டர், பால் முல்லன் ஆகியோர் 2004இல் குறைதீர் அலுவலகங்களுக்கு வருபவர்களை ஆராய்ந்தார்கள். சாதாரணப் புகார்தாரர் கேட்பது பெரும்பாலும் பரிகாரம், அல்லது ஒரு மன்னிப்பு. விடாப்பிடிக்காரர் அதோடு நிற்பதில்லை. சம்பந்தப்பட்டவர் தண்டிக்கப்பட வேண்டும், தான் சொன்னதே சரி என்று ஊரறிய நிரூபணமாக வேண்டும். எந்தக் குறைதீர் அலுவலகமும் கொடுக்கவே முடியாத பொருள் அது. கடிதம் நீளும், கோடுகள் கூடும், ஓரமெல்லாம் குறிப்புகள் நிறையும். நம் ஊர்க் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு வாங்கும் ஊழியர் இந்த ஆராய்ச்சியைப் படிக்காமலேயே கவரின் கனத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். ஆனால் இந்த மருத்துவப் பெயர்களைக் கொஞ்சம் தள்ளிவைத்துத்தான் கையாள வேண்டும். சோவியத் ஒன்றியத்தில் ஆட்சியை விமர்சித்தவர்களுக்குச் 'சீர்திருத்தப் பித்து' என்று சீட்டு எழுதி ஆஸ்பத்திரியில் அடைத்த கதையும் இருக்கிறது.

மில்லிங் சாருக்கு அந்த வாடை கொஞ்சம் அடிக்கும், பொய் சொல்வானேன். காண்ட்ராக்டர் தன் வீட்டைக் குறிவைத்தே சாலையை உயர்த்தினார் என்று நம்புகிறார். நகரம் முழுக்க இதே கதைதான் சார் என்றால் காதில் விழாது. சாலையின் உயரம் பற்றி அவர் சொல்வது அங்குலக் கணக்கில் சரி, ஏன் உயர்ந்தது என்பதற்கு அவர் சொல்வது முழுக் கற்பனை. 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ.இறையன்பு, பழைய தாரைச் சுரண்டிய பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று அதிகாரிகளுக்கு எழுதினார். அன்றைக்கு அந்தச் செய்தித் துண்டை லேமினேட் பண்ணித் தெரு முழுக்கக் காட்டினார் சார்.

போன வருடம் ஒருவழியாக எங்கள் தெருவுக்கு மில்லிங் வந்தது. இயந்திரம் வந்து ஒரே ராத்திரியில் சுரண்டிவிட்டுப் போனது. அவ்வளவுதான். தார் போட ஆள் வரவில்லை. இரண்டரை மாதம் தெரு, துருவிப் போட்ட தேங்காய் மூடி மாதிரி கிடந்தது. தூசி, வழுக்கும் ஜல்லி. எதிர் வீட்டு அக்கா ஸ்கூட்டியோடு விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். காய்கறி வண்டிக்காரர் எங்கள் தெருவையே விட்டுவிட்டார். எல்லோரும் திட்டியது சாரைத்தான், தார் போடாமல் விட்டவர்களை ஒருவரும் திட்டவில்லை. கடைசியில் சாலை வந்தது, நாலு அங்குலம் இறங்கியிருந்தது. மழையில் யார் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வரவில்லை. சாலை இறங்கியதில் பாதாளச் சாக்கடை மூடிகள் மட்டும் சின்னச் சின்ன மேடைகளாக நடுத்தெருவில் நிற்கின்றன.

போன ஞாயிற்றுக்கிழமை சார் ரெக்ஸின் பையோடு வந்தார். மூடிகளின் உயரத்தை அளந்து, புது மனு, பதினாறு வீட்டுக் கையெழுத்து வேண்டுமாம். படித்துப் பார்த்தேன். அளவெல்லாம் கச்சிதம்.

"சார், மூடியை இறக்க மறுபடி தோண்டுவாங்களே. எத்தனை நாள்ல மூடணும்னு ஒரு வரி சேர்த்துக்கலாமா? எதிர் வீட்டு அக்காவுக்கு இன்னும் கை சரியாகல."

ஃபைலைத் திரும்ப வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தான் எழுதியதையே ஒருமுறை படித்தார்.

"அது வேற டிபார்ட்மென்ட் தம்பி" என்றார்.

நான் பேனாவை எடுத்து அந்த வரியை ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மனு அசிங்கமாகிவிட்டது என்று முனகிக்கொண்டே அடுத்த வீட்டு காலிங் பெல்லை அழுத்தப் போனார்.